சிவப்பு டேப் இல்லாத திரை

காலை பத்து மணிக்குமேல், ஜொகூரின் தம்போயில் இருக்கும் என் அறை ஜன்னலுக்கு வெயில் வரும். நேரடி வெயில் இல்லை. எதிர்வரிசையில் இருக்கும் கார் பட்டறையின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வருவது. கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே ஜன்னலோரம் ஒரு மரச்சட்டத்தைச் சாய்த்து வைத்திருக்கிறேன். சட்டத்தின் நடுவில் மஞ்சள் நிற வலைத்துணி, மேளத்தோல் போல விறைப்பாக இழுத்து ஒட்டப்பட்டது. மற்ற நேரத்தில் பார்த்தால் கொசுவலை அடித்த ஜன்னல் கதவு மாதிரிதான் இருக்கும். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் பெண் முதல் நாளே, "இது என்னா, கோழிக்கூண்டுக் கதவா?" என்று கேட்டாள். ஆனால் பின்னாலிருந்து வெளிச்சம் விழும் அந்தப் பத்து நிமிடம், துணியில் பழுப்பாக ஒரு கறை எழுந்து வரும். ஒரு நெற்றி. அதற்குக் கீழே ஒரு கன்ன எலும்பு. வலக்காதின் மேல்விளிம்பு. மூக்கையும் வாயையும் பார்ப்பவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. அவருடைய மகளைத்தான் எனக்குத் தெரியும்.

அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஒரே வகுப்பு, ஒரே ஆண்டு; ஆனால் என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் பள்ளியை முடித்த கையோடு ஜொகூரிலிருந்த ஒரு அரசாங்கக் கலைக் கல்லூரிக்கு ஓடி வந்தவள். அவர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முதல் நாள் அறிமுகத்தில் எல்லோரும் புதுக் காலணியில் வந்திருக்க, அவர் மட்டும் இரும்பு மூக்கு வைத்த தொழிற்சாலை பூட்ஸோடு வந்து நின்றார். "நல்லா உழைக்கும், ஏன் தூக்கிப் போடணும்?" என்றார். மூன்று வருடமும் அதே பூட்ஸ்தான். தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடமாம். அதனால் கேன்டீனில் நான் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளரிக்காயை ஓரமாக ஒதுக்குவதற்குள் அவர் கை கழுவிவிட்டு வந்துவிடுவார். மத்தியானம் மூன்று மணிக்கு, கலை வரலாற்று வகுப்பில், யாரோ சுவிட்சை அணைத்தது போலத் தூங்கிப்போவார். பழைய ஷிஃப்டின் தூக்கம் அது. சாப்பாட்டிலும் தூக்கத்திலும் இவ்வளவு வேகம் காட்டியவருக்கு, வரைவதில் மட்டும் அப்படி ஒரு நிதானம். நான் எதிர்மாறு. சாப்பிட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, வரைவதை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று குதிப்பேன். "ராக்கெட்டு, கொஞ்சம் தரையில இறங்கு லா" என்பது அவர் எனக்குச் சொன்ன வாக்கியங்களிலேயே அதிகம் சொன்னது.

எங்கள் வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் எங்களை ஒரே ஆளாகவே கணக்குப் பண்ணிவிட்டார்கள். ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தியிடம் கேட்பார்கள். பேருந்தில் எங்கள் இரண்டு பேருடைய பெரிய வரைபடப் பைகளும் இரண்டு பயணிகளின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஓட்டுநர் ஒருநாள், அந்தப் பைகளுக்கும் டிக்கெட் எடுங்கள் என்று கத்தினார். அக்கா சற்றும் அசராமல், "அதுங்க சின்னப் பிள்ளைங்க, மடியில வச்சுக்கிறோம்" என்று மலாயில் சொல்ல, பேருந்தே சிரித்தது. இப்போதும் ஏதாவது ஒரு மாணவி பெரிய கறுப்புப் பையோடு பேருந்தில் ஏறுவதைப் பார்த்தால், கை தானாக மடியைச் சரிசெய்துகொள்கிறது.

எங்களுடையது அச்சுக்கலைப் பிரிவு. அதன் பட்டறையை எல்லோரும் பெங்கெல் என்றுதான் சொல்வோம். நீளமான கூடம். ஒரு பக்கம் அச்சு மேசைகள், மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி, நடுவில் நாற்பது ஐம்பது திரைச்சட்டங்கள் தட்டுபோல அடுக்கப்பட்டு நிற்கும். திரை அச்சு எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வலைத்துணியில் ஒரு பசையைப் பூசினால் அந்த இடம் அடைபட்டுவிடும். மேலிருந்து மையை ரப்பர் பட்டையால் இழுத்தால், அடைபடாத ஓட்டைகள் வழியாக மட்டும் மை இறங்கித் தாளில் பதியும். வேலை முடிந்ததும் பசையைக் கழுவிவிட்டால் அதே திரை அடுத்த ஆளுக்கு. எந்தத் திரையும் யாருடையதும் இல்லை, பெயர் எழுதக்கூடாது. யாருடைய படமாவது அதில் இருந்தால், சட்டத்தின் வலது மூலையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இருந்தால் யாரும் தொடக்கூடாது. டேப் இல்லாத திரைகளை வியாழக்கிழமைதோறும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பட்டறைப் பொறுப்பாளர் சீறியடிக்கும் தண்ணீர்ப் பீரங்கிக் குழாயால் அடித்துக் கழுவிவிடுவார். விரிவுரையாளரின் திரையாக இருந்தாலும் அதே கதிதான். நாங்கள் என்சிக் என்று கூப்பிடும் அந்த மலாய்க்காரர், "டேப் இருந்தா உயிர் இருக்கு, இல்லேன்னா வெறும் துணி" என்று ஒவ்வொரு புது மாணவரிடமும் மலாயில் ஒருமுறை சொல்வார். ஒருமுறைதான் சொல்வார்.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு இறுதி வேலை. அக்கா தன் அப்பாவின் முகத்தை அச்சடிக்கப் போவதாகச் சொன்னார்.

அவருடைய ஊர் யோங் பெங் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீடு. அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். அக்காவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். அவருடைய படங்கள் வீட்டில் இருந்திருக்கின்றன: கல்யாணப் படம், தேவாலயத்து வாசலில் எடுத்த ஒன்று, லோரிமேல் சாய்ந்து நிற்கும் ஒன்று. ஒரு வருடம் வந்த வெள்ளத்தில் எல்லாம் கூழாகிவிட்டன. அடையாள அட்டையை இறந்த பிறகு பதிவு இலாகாவிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஆக, அந்த முகம் உலகத்தில் எங்குமே இல்லை. "வீட்ல மாதா படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி இருக்கு" என்று அக்கா சொன்னார். "அப்பா படம் மாட்டின ஆணி. வெள்ளம் வடிஞ்சப்புறம் சுவரெல்லாம் புதுசா சுண்ணாம்பு அடிச்சோம். அம்மா அந்த ஆணியை மட்டும் புடுங்க விடல. வெறும் ஆணி, அதச் சுத்தித்தான் சுண்ணாம்பு." இறுதிக் கண்காட்சிக்கு அம்மா வர வேண்டும், பார்த்ததும் இவர்தான் என்று சொல்ல வேண்டும், பிறகு அந்தத் தாளைச் சட்டம் போட்டு ஆணியில் மாட்ட வேண்டும். அதற்காகத்தான் அவர் சம்பளத்தை விட்டுவிட்டுக் கல்லூரிக்கே வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருடம் பக்கத்து மேசையில் இருந்து, ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

மற்ற எல்லோரும் புகைப்படத்தைப் பிலிமாக்கி, ஒளி காட்டித் திரையில் ஏற்றுவோம். கெட்டுப்போனால் இன்னொரு முறை ஏற்றலாம். அக்காவிடம் ஏற்றுவதற்குப் படமே இல்லை. நேராகத் திரையிலேயே, பசையில் மெல்லிய தூரிகையைத் தொட்டு, புள்ளி புள்ளியாக வைத்தார். பசை வைத்த இடம் தாளில் வெள்ளையாக வரும் என்பதால் அவர் வைத்தது வெளிச்சத்தை மட்டும்தான். நெற்றியில் விழும் வெளிச்சம், கன்ன எலும்பில் விழுவது, காதின் ஓரம். மீதியெல்லாம் மை நிரப்பிக்கொள்ளும். ஐந்து வாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குப் போய் அம்மாவின் வாயைக் கிளறிவிட்டு வருவார். வந்ததும் நாலு புள்ளியை ஊசியால் சுரண்டி எடுப்பார், ஆறு புள்ளி வைப்பார். ஒருநாள் திடீரென்று, "டி, இங்க வா, இங்க வா" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய்த் திரையின் முன்னால் நிறுத்தினார். "கண்ணு வந்துருச்சு." நான் பார்த்தேன். கண் இருந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. சுற்றியிருந்த புள்ளிகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடம் என்னைப் பார்த்தது. ஓரடி பின்னால் நகர்ந்தேன். அக்கா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பயந்துட்டே இல்ல? அப்ப சரியா இருக்கு" என்று சிரித்தார்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: தலை வகிடு எந்தப் பக்கம்? தொலைபேசியில் கேட்டால் அம்மா ஒரு தடவை இடது என்கிறார், மறு தடவை வலது என்கிறார். அவருக்கு இடது என்றால் எதிரே நின்ற அப்பாவுக்கு வலதாகிவிடுகிறது. "நேர்ல போய், சீப்பக் கையில குடுத்து, என் தலையில எடுத்துக் காட்டுங்கன்னு சொல்லப்போறேன்" என்று ஒரு புதன்கிழமை காலையில் பேருந்து ஏறினார். வெள்ளிக்கிழமை வந்து அச்சடிப்பதாகத் திட்டம்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் நான் என் சுவரொட்டியை அடித்துக்கொண்டிருந்தேன். நான்கு நிறம். ஒவ்வொரு நிறமும் முந்தையதன்மேல் சரியாக உட்கார வேண்டும். அதற்கு மேசையில் ஒரு கண்ணாடித்தாளை அசையாமல் ஒட்டி வைக்க வேண்டும். டேப் தீர்ந்துவிட்டது. கூட்டுறவுக் கடைக்குப் போய்வரப் பத்து நிமிடம் ஆகும். நான்கு மணிக்குப் புவான், எங்கள் விரிவுரையாளர், கிளம்பிவிடுவார். அதற்குள் அவரிடம் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. அடுக்கில் கைக்கெட்டும் தூரத்தில் அக்காவின் திரை இருந்தது. மூலையில் சிவப்பு டேப், கஞ்சத்தனம் இல்லாமல் ஒரு சாண் நீளத்துக்கு. உரித்தேன். பத்து நிமிடத்தில் திருப்பி ஒட்டிவிடலாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. அச்சு அருமையாக விழுந்தது. புவான் பார்த்துவிட்டு, பக்கத்து வகுப்பு மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பெருமையோடு கேன்டீனுக்குப் போய்த் தே ஓ ஐஸ் குடித்தேன். திரும்பி வந்து மேசையைத் துடைத்தபோது கண்ணாடித்தாளோடு டேப்பையும் சுருட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். போட்டது எந்தக் கையால் என்றுகூட எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மழை. நான் மாடியில் வகுப்பில் இருந்தேன். கீழே தண்ணீர்ப் பீரங்கியின் சத்தம் மழைச் சத்தத்தோடு கலந்து கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா தலையில் வகிடோடு வந்தார். அம்மா சீப்பால் எடுத்துவிட்ட வகிடு. கலையாமல் இருக்கத் தண்ணீர் தொட்டுச் சீவி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டுக்கொண்டு பேருந்தில் வந்திருந்தார். "எல்லாரும் என்னையே பாக்குறாங்க லா, சப்பை மண்டைன்னு" என்று சிரித்துக்கொண்டே அடுக்கிலிருந்து திரையை இழுத்தார். இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அடுத்த திரையை இழுத்தார். அதற்கடுத்ததை. ஏழெட்டுத் திரைகளைப் பார்த்துவிட்டு முதல் திரைக்கே திரும்பி வந்தார். துணியில் ஒரு கறையும், பீரங்கி படாத ஓரங்களில் ஒன்றிரண்டு பசைத் துணுக்குகளும் இருந்தன. சத்தம் கேட்டு என்சிக் வந்தார். திரையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "டேப் இல்லை" என்றார். "நான் ஒட்டினேன்" என்றார் அக்கா. "நான் எப்போதும் இரண்டு முறை பார்ப்பேன். டேப் இல்லை." அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா டி, நான் டேப் ஒட்டினத?"

எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களும் அந்த நேரத்தில் என் வாயருகே நின்றன. பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள் நான். வகுப்பில் யார் என்ன கேட்டாலும் முதலில் கை தூக்குபவள்.

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

அக்கா டேப் இருந்த மூலையைக் குனிந்து பார்த்தார். விரலால் மரத்தைத் தடவினார். டேப்பின் பசை பிசுபிசுக்கிறதா என்று பார்த்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். தண்ணீர் அதையும் கொண்டுபோயிருந்தது. "அப்ப நான்தான் மறந்துட்டேன் போல" என்றார். என்சிக்கைப் பார்த்து, மன்னித்துக்கொள்ளுங்கள், என் தவறுதான் என்று மலாயில் சொன்னார். பிறகு தலையிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

திரும்ப வரைய முடியவில்லை. திங்கட்கிழமை மதிப்பீடு. நடுவில் இருந்த நாட்களில் உட்கார்ந்து பார்த்தார். புள்ளி வைப்பார், துடைப்பார். "முகம் கலங்கிப் போச்சு டி. இப்ப எங்க சித்தப்பா முகம் வருது" என்றார். கடைசியில் கழுவின திரையை அப்படியே மேசையில் வைத்து, கருநீல மையை இழுத்தார். தாள் முழுக்க இருட்டாக வந்தது. பசைத் துணுக்குகள் மிச்சம் இருந்த இடத்தில் மட்டும் பொடிப்பொடியாக வெள்ளை. நெற்றி என்று தெரிந்தவர்களுக்கு நெற்றி.

மதிப்பீட்டு நாளில் எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. படத்தைச் சுவரில் குத்திவிட்டு, வரைந்தவர் கதவோரம் போய் நின்றுகொள்ள வேண்டும். எல்லோரும் பேசி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கக்கூடாது. படம்தான் பேச வேண்டும், நீ இல்லை என்பார் புவான். அக்கா பூட்ஸோடு கதவோரம் நின்றார். அந்த இருட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டு ஒருவரும் பேசவில்லை. வெளியிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா தோற்றுவிடப் போகிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கை தூக்கினேன். என்ன பேசினேன் என்று முழுதாகச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. நினைவில் இல்லாத ஒருவரை வரைய நேர்மையான வழி, அவர் இல்லாததை வரைவதுதான் என்றேன். இந்த இருட்டு ஒரு முடிவு, ஒரு துணிச்சல் என்றேன். நன்றாகத்தான் பேசினேன், அதுதான் கொடுமை. மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். புவான் எழுந்து போய்ப் படத்தின் அருகில் நின்றார். அதன்பிறகு ஆளாளுக்கு அந்த இருட்டைப் புகழ்ந்தார்கள். கடைசியில் கைதட்டினார்கள். வகுப்பிலேயே உயர்ந்த புள்ளி அக்காவுக்கு. இப்போது நீ பேசலாம் என்று புவான் சொன்னபோது, அக்கா நன்றி என்று மட்டும் சொன்னார். வெளியே நடைபாதையில் என்னிடம், "எங்கப்பா மூஞ்சியக் காணோம்னு கைதட்டுறாங்க டி" என்றார். கோபம் இல்லை. ஆச்சரியமாகக் கேட்பது போல இருந்தது.

சனிக்கிழமை கண்காட்சிக்கு அம்மா வந்தார். நல்ல சேலை, கையில் ஜெபமாலை. மாமா காரில் கூட்டி வந்திருந்தார். அக்கா அவரைப் படத்தின் முன்னால் நிறுத்தினார். அம்மா கிட்டப் போனார், தள்ளிப் போனார், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிட்டப் போனார். "எனக்குத்தான் கண்ணு சரியில்லமா" என்றார். "நீ நல்லாத்தான் வரைஞ்சிருப்பே. அடுத்த வாரம் கண்ணாடி மாத்திட்டு வந்து பாக்குறேன்." அக்கா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆமாமா, வெளிச்சமும் பத்தல" என்றார். நான் இரண்டடி தள்ளி, பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு விலகியது நான்தான். அவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டமளிப்பு விழாவில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். நான் கூட்டத்தில் தெரியாதது போல வேறு வரிசையில் உட்கார்ந்தேன். செய்திகளுக்கு ஒருநாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்துப் பதில் போட்டேன். நான்கு வருடத்தில் மூன்று வேலை மாறிவிட்டேன்; இப்போது பாலத்தைத் தாண்டிப் போய், சிங்கப்பூரில் பிஸ்கட் பெட்டிகளுக்கு வடிவம் போடுகிறேன். மத்தியான ஷிஃப்டுக்காகக் குடிநுழைவு வரிசையில் நிற்கும்போது, "ராக்கெட்டு, தரையில இறங்கு" என்று யாராவது பின்னாலிருந்து சொல்ல மாட்டார்களா என்று இருக்கும். வேறு யார் சொல்வார்கள்? அந்தப் பெயரே வேறு யாருக்கும் தெரியாது. ஒரு ஆளை இழந்தால் அவர் நம்மைக் கூப்பிட்ட பெயரும் கூடவே போய்விடுகிறது.

போன மாதம் பழைய மாணவர்களுக்கு ஒரு செய்தி வந்தது: பட்டறைக்கு அலுமினியச் சட்டங்கள் வருகின்றன, பழைய மரச்சட்டங்கள் வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். போனேன். நாற்பது சட்டங்களும் வெளியே சுவரில் சாய்ந்திருந்தன. என்சிக் தலை நரைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய், பொருளறையிலிருந்து தனியாக ஒரு சட்டத்தை எடுத்து வந்தார். "இது உன் தோழியோடது. நான் இதை யாருக்கும் கொடுக்கவில்லை" என்றார் மலாயில். "அன்றைக்கு மழை, கூடத்தில் வெளிச்சம் குறைவு. கழுவுவதற்கு முன்னால் தூக்கிப் பார்த்திருக்கலாம். முகம் என்று தெரிந்திருக்கும். டேப்பை மட்டும் பார்த்தேன். அதற்கப்புறம் தூக்கிப் பார்க்காமல் ஒன்றைக்கூடக் கழுவியதில்லை. அவளைப் பார்த்தால் சொல்லு." நான்கு வருடம் இந்த மனிதர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒவ்வொரு திரையையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கழுவியிருக்கிறார்.

அங்கேயே நின்று சொன்னேன். டேப், கண்ணாடித்தாள், தே ஓ ஐஸ், எல்லாம். என்சிக் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "அலமாக்" என்றார் மெதுவாக, ஐயோ என்பது போல. "நீதானா." பிறகு தண்ணீர்க் குழாயைச் சுருட்டினார். நான் சட்டத்தோடு கிளம்பும்போது கூப்பிட்டு, தன் கால்சட்டைப் பையிலிருந்து சிவப்பு டேப் சுருள் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "இனிமேல் உன்னுடையதைக் கொண்டு வா" என்றார். சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே அக்காவைக் கூப்பிட்டேன். பாசிர் கூடாங்கில்தான் இருக்கிறார். பழைய தொழிற்சாலையிலேயே பாதுகாப்புப் பிரிவு. "போஸ்டர் போடுறேன் டி. 'வால்வை மூடினீர்களா? மறுபடி பாருங்கள்.' அதான் இப்ப என் கலை" என்று சிரித்தார். டேப்பை உரித்ததையும், திரை இப்போது என்னிடம் இருப்பதையும் சொல்லிவிட்டேன். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"வீட்டப் பூட்டிட்டு ஒவ்வொரு நாளும் மூணு தடவ திரும்பி வந்து பாக்குறேன் நான்" என்றார். "அடுப்ப அணைச்சேனான்னு வேலையில பாதியில வீட்டுக்கு ஓடுறேன். என் தலையில ஏதோ கோளாறுன்னு டாக்டர்கிட்டப் போனேன் டி. நாலு வருஷம்."

"அக்கா..."

"அம்மா அந்த இருட்டத்தான் ஆணியில மாட்டி வச்சிருக்காங்க. மூணு கண்ணாடி மாத்திட்டாங்க. வர்றவங்ககிட்டல்லாம், பகல்ல வந்து பாருங்க, நல்லாத் தெரியும்ங்கிறாங்க." மூச்சை இழுத்துவிட்டார். "நான் கேட்டேனே டி. நேரா உன்னத்தானே கேட்டேன்."

போனை வைத்துவிட்டார்.

பத்து நாள் ஒன்றும் வரவில்லை. நான் தினமும் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நெற்றி எழுந்து வருவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. முதல்முறையாக எனக்கு அவசரம் இல்லை. அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது. நேற்று இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது ஒரு படம்: அக்கா தன் தலையைத் தானே மேலிருந்து எடுத்தது. முகம் இல்லை. அன்று அம்மா எடுத்துவிட்டது போலவே சீப்பால் எடுத்த வகிடு மட்டும். இடது பக்கம்.

இரண்டாவது: "அந்தத் திரையக் கழுவிறாதே."

இன்று காலை வெயில் வருவதற்கு முன்பே எழுந்து, என்சிக் கொடுத்த சுருளிலிருந்து ஒரு சாண் டேப் கிழித்தேன். வலது மூலை மரத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, ஒட்டினேன். இரண்டு தடவை விரலால் அழுத்திப் பார்த்தேன். பிறகு பத்து மணிக்காக உட்கார்ந்திருந்தேன்.